எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவு

ஜூன் 2, திங்கள்

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. தீய்ந்த நாற்றம் வாசல் வரைக்கும் வீசுகிறது. அடுப்பு முன்னால் நிற்க வேண்டிய என் சகதர்மிணி உலகம்மாள், தென்காசியில் தங்கச்சி பிரமு வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். சனிக்கிழமை போனவள்.

நான் செய்தது ஒன்றே ஒன்று. வைஃபை பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். அடித்தேனா? கெட்ட வார்த்தை சொன்னேனா? என் வீட்டில் நான் கட்டுகிற கரண்டு பில்லில் ஓடுகிற சுவிட்சை நான் அணைக்கக் கூடாதாம்.

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். பின்னால் ஆளாளுக்குத் திரித்துப் பேசுவார்கள். சனிக்கிழமை காலையில் அவளுக்கு வகுப்பு. அமெரிக்காவில் இருக்கிற நம் ஊர்க்காரர்களின் பிள்ளைகளுக்கு லேப்டாப் வழியாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள், நாலு வருஷமாக. சொல்லிக்கொடுக்கட்டும், நான் வேண்டாம் என்றேனா? காபி கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் பக்கமாகக் கையை மட்டும் தூக்கி உள்ளங்கையைக் காட்டினாள், வண்ணார்பேட்டை முக்கில் போலீஸ்காரன் லாரியை நிறுத்துவானே, அந்த மாதிரி. ஆபீஸ் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். மணியை அடித்தால் இரண்டு பேர் ஓடி வருவார்கள். எனக்கா உள்ளங்கை?

அணைத்தேன். திரையில் ஒரு குட்டிப் பெண் அணில் பாடம் படித்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது.

உலகம்மாள் எழுந்தாள். முகம் கழுவினாள். இரண்டு சேலையைப் பையில் வைத்தாள். லேப்டாப்பை எடுக்க வந்தபோது, "அது எம் பணத்துல வாங்குனது, அதத் தொடாத" என்றேன். வைத்துவிட்டுப் போய்விட்டாள். போகட்டும்.

ஜூன் 3, செவ்வாய்

அவளே போன் செய்தாள். இறங்கி வருகிறாள் என்று நினைத்தேன். நினைப்பில் மண்.

"வாரேன்னு சொல்லுததுக்குக் கூப்பிடல. லேப்டாப்ப மட்டும் குடுத்து அனுப்புங்க. பதினஞ்சாம் தேதி புள்ளைகளுக்கு ஆண்டு விழா. ஒவ்வொரு புள்ளையும் சேந்த அன்னைக்கு எப்படிப் படிச்சுது, இப்ப எப்படிப் படிக்குன்னு பெத்தவங்களுக்குப் போட்டுக் காட்டணும். அந்தக் குரலெல்லாம் அதுலதான் கெடக்கு."

"வேற எதுலயும் எடுத்து வைக்கலியா?"

"வைக்கணும் வைக்கணும்னு நெனச்சேன். வைக்கல. நாலு வருஷத்துக் குரலுங்க. நீங்களே கொண்டாந்தாலும் சரிதான். பிரமு உங்களுக்குச் சோறு போடமாட்டாளா என்ன?"

"வேணும்னா நீ இங்க வந்து உக்காந்து நடத்து."

"வைஃபை இருக்குமா?"

என்ன ஏத்தம் பாருங்கள். போனை வைத்துவிட்டேன்.

பிறகு அந்தச் சனியனைத் திறந்தேன். என் மிஷினை நான் திறக்கக் கூடாதா? ஒரு கோலப்படம், அதற்குக் கீழே 'உலகம்மாள் டீச்சர்' என்று பெயர், அதற்குக் கீழே பாஸ்வேர்ட் கேட்டது. வாங்கியவன் பெயர் எங்கேயும் இல்லை. என் பெயரைப் போட்டேன், தவறு என்றது. எங்கள் மகள் சுபாவின் பெயர், தவறு. கல்யாணத் தேதி, தவறு. என் பிறந்தநாள், அதுவும் தவறு. ஒரு பெண்பிள்ளை பாஸ்வேர்ட் வைப்பதற்குப் புருஷனை விட்டால் வேறு என்னதான் இருக்கும்?

ஜூன் 5, வியாழன்

முருகன்குறிச்சியில் ஜெபராஜ் கடைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். அவளுக்கு எல்லாம் செய்துகொடுப்பவன் அவன்தான்.

"டீச்சர்ட்ட பாஸ்வேர்ட கேட்டா ஒரு நிமிஷ வேல அண்ணாச்சி" என்றான்.

"கேக்க மாட்டேன். பார்மட் போட்டுக் குடு."

"போட்டா உள்ள இருக்கது பூரா போயிரும்லா?"

"போவட்டும்."

"அப்படின்னா டீச்சர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்" என்று செல்போனை எடுத்தான்.

"எலே, மிஷின் யாருது? பில்லு எம் பேர்ல இருக்குலே!"

"கோவப்படாதீங்க. எம் பொண்டாட்டி போன்ல இருந்த போட்டோவ ஒருக்கக் கேக்காம அழிச்சிட்டு நான் பட்ட பாடு எனக்குல்லா தெரியும். வேற எங்கயாச்சும் குடுத்துப் பாத்துக்கோங்க."

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஆட்டோக்காரன் ஒருத்தனும் நிற்கவில்லை. இவன் என்ன பெரிய இவன்? இனி ஒருத்தன் தயவும் எனக்கு வேண்டாம். நானே போடுகிறேன்.

ஜூன் 6, வெள்ளி

உப்புமா. அதைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

ஜூன் 7, சனி

செல்போனில் யூடியூப் பார்த்தேன். "வணக்கம் நண்பர்களே" என்று ஒரு பையன் வருகிறான். சப்ஸ்கிரைப் பண்ணுங்கள், பெல் பட்டனை அழுத்துங்கள் என்று கெஞ்சி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. சாரம் இவ்வளவுதான்: கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் நடத்துவது ஆபரேட்டிங் சிஸ்டம் என்கிற ஒன்று. லினக்ஸ் என்று ஒரு வகை, இலவசம். அதை நெட்டிலிருந்து இறக்கி ஒரு பென்டிரைவில் ஏற்ற வேண்டும். பென்டிரைவைச் செருகி லேப்டாப்பைப் போட்டால் அது பழையதை எழுப்பாமல் இதை எழுப்பும். பாஸ்வேர்ட் கேட்காது. அப்படியே புதிதாக நிறுவிக்கொள்ளலாம். பழைய பாஸ்வேர்டும் வேண்டாம், பழைய பெயரும் வேண்டாம்.

பென்டிரைவுக்காகப் பீரோவைத் தேடினேன். சேலைகளுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. மூடியில் 'குற்றாலிங்கம் – உலகம்மாள்' என்று செதுக்கியிருந்தது. போன வருஷம் திருக்கடையூரில் எனக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தபோது வீடியோ எடுத்த ஸ்டுடியோக்காரன் கொடுத்தது. உள்ளே பட்டுத்துணியில் பென்டிரைவ். சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அவள் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு எங்கே நேரம்?

பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் செய்யதலி பாத்திமாவிடம் லினக்ஸை இறக்கி அதில் காப்பி செய்யச் சொன்னேன். காருக்குப் பாட்டு ஏற்றுகிற மாதிரி ஏற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து செருகினேன். 'உலகம்மாள் டீச்சர்' என்று அதே கோலம் வந்து நின்றது.

ஜூன் 9, திங்கள்

மறுபடியும் பாத்திமாவிடம் போய் ஒரு கத்துக் கத்தினேன். அவர் அசரவில்லை.

"நீங்க காப்பி பண்ணச் சொன்னீங்க, பண்ணேன். பூட் ஆவணும்னா, இதுலேருந்தே லேப்டாப் எழும்பணும்னா, முதல்லயே சொல்லணும் சார். அதுக்குன்னு ஒரு சாப்ட்வேர் இருக்கு, அதுல போட்டுத்தான் எழுதணும். எழுதுனா இந்தப் பென்டிரைவுல இருக்கது எல்லாம் போயிரும். இதுல என்னமோ வீடியோ இருக்கே."

நான் சொல்வதற்குள் அதைத் திறந்துவிட்டார். நான் தாலி கட்டிக்கொண்டிருந்தேன். ஐயரையோ யாரையோ முறைத்துக்கொண்டு கட்டுகிறேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா சிரிக்காங்க பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு! இத ஏன் சார் அழிக்கீங்க? எங்கிட்ட புதுப் பென்டிரைவு இருக்கு, தரட்டா?"

"வேண்டாம். இதையே அழிங்க. வீட்டுல ஆல்பம் இருக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அழித்தார். ஆல்பம் இருக்கத்தான் செய்கிறது. அதில் எல்லாம் தெரியும். சத்தம் மட்டும் கேட்காது, மேளச் சத்தத்தைக் கேட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது?

ஜூன் 10, செவ்வாய்

லேப்டாப்பைப் போட்டவுடன் எஃப் பன்னிரண்டு என்கிற பொத்தானைத் தட்ட வேண்டுமாம். தட்டினேன். கோலம் வந்தது. அணைத்தேன், போட்டேன், சீக்கிரமாகத் தட்டினேன். கோலம். அழுத்திப் பிடித்துக்கொண்டே போட்டேன். கோலம். காலையில் தொடங்கி மத்தியானம் வரை 'உலகம்மாள் டீச்சர்', 'உலகம்மாள் டீச்சர்' என்று அது எனக்குப் பாடம் நடத்தியது. ஒரு தட்டு தட்டியதில் மேசைமேல் இருந்த தண்ணீர்ச் சொம்பு உருண்டது. நல்லவேளை, மிஷினில் படவில்லை. ஓடிப்போய் அவள் முந்தானையை... அவள் பழைய சேலை கொடியில் கிடந்தது, அதை எடுத்துத் துடைத்தேன்.

ஜூன் 11, புதன்

மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, தொட்டி நிரம்பி, தண்ணீர் அடுத்த வீட்டுச் சுவரெல்லாம் வழிந்து, அந்த வீட்டம்மா "டீச்சர் இல்லியா?" என்று கேட்டாள். மோட்டாரை நிறுத்துவதற்கும் டீச்சர்தான் வேண்டுமா?

ஜூன் 12, வியாழன்

கிடைத்துவிட்டது. தட்ட வேண்டியது எஃப் பன்னிரண்டே இல்லை, இந்த மிஷினுக்கு எஃப் இரண்டு. யூடியூப் பையன் அதைக் கடைசியில் போகிற போக்கில் சொல்கிறான், முட்டாள். நீல நிறத்தில் ஒரு பக்கம் வந்தது. அதில் ஒரு பூட்டைத் தளர்த்தி, பென்டிரைவை வரிசையில் முதலாவதாக ஏற்றினேன். சீனியாரிட்டி பட்டியலில் கீழே கிடப்பவனை மேலே தூக்கிப் போடுகிற வேலைதான், எனக்குத் தெரியாததா? கோலம் வரவில்லை. கறுப்பு, பிறகு ஊதா, பிறகு 'நிறுவலாமா?' என்று ஒரு கேள்வி. வாய்விட்டுச் சிரித்தேன். வீடு எதிரொலித்தது.

அந்த நேரம் பார்த்து அவளிடமிருந்து செய்தி. அப்படியே எழுதுகிறேன்:

'ஜெபராஜ் சொன்னாரு. தயவுசெஞ்சு அழிச்சிராதீங்க. பாஸ்வேர்ட் கீழ போட்டிருக்கேன். திறந்து உங்களுக்கு என்ன வேணுமோ பாத்துக்கோங்க. லேப்டாப்பும் நீங்களே வச்சுக்கோங்க. அந்தப் புள்ளைக குரல மட்டும் ஒரு பென்டிரைவுல எடுத்துக் குடுத்துருங்க, போதும். உங்களக் கும்பிட்டுக் கேட்டுக்கிடுதேன்.'

இப்போது கும்பிடுகிறாள். அந்தச் சனிக்கிழமை எங்கே போயிற்று இந்தக் கும்பிடு? நான் அல்லாடித் தெருத்தெருவாக அலைந்து, கடைக்காரனிடம் சிரிப்பாய்ச் சிரித்து, ஒருவழியாகத் திறக்கிற நேரத்தில் பாஸ்வேர்டைப் பிச்சை போடுகிறாளா? கீழே போட்டிருப்பதை நான் படிக்கவில்லை. செய்தியை அழித்துவிட்டேன். இன்றைக்கு இன்னும் சாப்பிடவில்லை. நாளைக்கு முடிக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

முடித்துவிட்டேன்.

காலையில் குளித்து, திருநீறு பூசி உட்கார்ந்தேன். மொழி கேட்டது, சொன்னேன். ஊர் கேட்டது, சொன்னேன். பிறகு ஒரு பக்கம் வந்தது. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் எழுதிவைக்கிறேன். 'இந்தக் கணினியில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. என்ன செய்ய விரும்புகிறீர்கள்?' என்று கேட்டு இரண்டு வழி கொடுத்தது. முதலாவது: இருப்பதன் பக்கத்திலேயே நிறுவு, இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது: எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவு.

முதலாவதில் அதுவே புள்ளி வைத்திருந்தது. நான் அடுத்த பொத்தானை அழுத்தினால் போதும், இரண்டும் இருக்கும். அவளுடையது ஒரு பாதி, என்னுடையது ஒரு பாதி. போடும்போது எது வேண்டும் என்று கேட்குமாம்.

எதற்குப் பாதி? மிஷின் முழுதும் என்னுடையது. என் வீட்டில் நான் எதற்குப் பக்கத்தில் ஒதுங்கி இருக்க வேண்டும்?

புள்ளியை இரண்டாவதுக்கு மாற்றினேன். சிவப்பில் எச்சரித்தது. 'படங்கள், பாட்டுகள், ஆவணங்கள் எல்லாம் போய்விடும்.' சரி என்றேன். மறுபடியும் கேட்டது. 'இதைத் திரும்பப் பெற முடியாது. தொடரலாமா?' ஆபீசில்கூட ஒரு கோப்பை அழிக்க இத்தனை முறை கேட்டதில்லை. எரிச்சலாக வந்தது. தொடர் என்று அழுத்தினேன். ஒரு கோடு இடமிருந்து வலமாக நிறைந்துகொண்டே போனது. நான் எழுந்திருக்கவில்லை.

நடுவில் பெயர் கேட்டது. குற்றாலிங்கம் என்று போட்டேன். பாஸ்வேர்ட் கேட்டது. எதை வைப்பது என்று வெகுநேரம் தெரியவில்லை.

மத்தியானம் எல்லாம் முடிந்தது. பளிச்சென்று இருக்கிறது, புது வீட்டுச் சுவர் மாதிரி. அறுபத்தொரு வயதில், ஒருத்தன் உதவியும் இல்லாமல், யூடியூபைப் பார்த்து நானே போட்டிருக்கிறேன்! யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. ஜெபராஜிடம் சொல்ல முடியாது. சுபாவிடம் சொன்னால் அம்மாவைக் கேட்பாள். திறந்து பார்த்தேன், மூடினேன், திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை. சாயங்காலம் ரசம் வைத்தேன். புளி அதிகம்.

ஜூன் 14, சனி

மத்தியானம் வந்தாள், தனியாக. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே மேசைக்குப் போனாள். வீடு குப்பையாகக் கிடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திறந்தாள். என் பெயர் வந்தது. பாஸ்வேர்ட் என்ன என்று கேட்கவில்லை. கையை எடுத்துவிட்டாள்.

"யாரு போட்டுக் குடுத்தா?"

"யாரும் இல்ல. நாந்தான்."

"நீங்களேவா?"

நிமிர்ந்து பார்த்தாள். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள், அதை நான் கண்ணால் பார்த்தேன். அந்தக் குட்டிகள் ஒழுங்காகப் படித்தால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. "பென்டிரைவுல ஏத்தி, எஃப் ரெண்ட தட்டி..." என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"எங்கூட பத்து நிமிஷம் உக்காந்து அந்தப் புள்ளைக பேசுததக் கேளுங்கன்னு எத்தன தடவ கூப்பிட்டேன்" என்றாள். "உங்களுக்கு உக்கார முடியல. இத அழிக்கதுக்கு இத்தன நாளு பொறுமையா உக்காந்து படிச்சிருக்கீங்க."

அவளே மறுபடி கேட்டாள்.

"அது உங்கட்ட கேட்டிருக்குமே. பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சிக்கிடவான்னு. ஒருநா ஜெபராஜ் கடையில அது வரும்போது பாத்திருக்கேன்."

"கேக்கல" என்றேன்.

"கேக்கலியா?"

"கேக்கல. அதுவா அழிச்சிட்டு."

தலையை ஆட்டிக்கொண்டாள். சமையல்கட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். தீய்ந்துபோன பால் பாத்திரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். தேய்க்கவில்லை. வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "சாயங்கால பஸ்ல எடம் கெடைக்காது, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஒருத்தி வீடு தேடி வந்து ஒரு வார்த்தை திட்டாமல் போனால் மனுஷன் என்னதான் செய்வது?

ஜூன் 15, ஞாயிறு

காலையில் சுபா புனேயிலிருந்து ஒரு இணைப்பு அனுப்பினாள். 'அம்மா நிகழ்ச்சி. பாக்கணும்னா பாருங்க' என்று மட்டும். சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. எல்லாம் ஒரு கட்சி.

புது மிஷின் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன். வைஃபையைப் போட்டேன். படம் தெளிவாக வந்தது. கட்டம் கட்டமாகப் பிள்ளைகள், பட்டுப்பாவாடையும் வேட்டியுமாக. பின்னால் பெற்றவர்கள். ஒரு கட்டத்தில் உலகம்மாள், பிரமு வீட்டு நீலச் சுவருக்கு முன்னால். ஒரு ஓரத்தில் வந்தவர்கள் பட்டியல். அதில் குற்றாலிங்கம் என்று என் பெயர். அவள் அதைப் பார்த்திருப்பாள். பார்க்காமல் இருக்க முடியாது.

வணக்கம் சொன்னாள். பிறகு சொன்னாள்: "இன்னைக்குக் குழந்தைகளோட பழைய குரல்களைப் போட்டுக் காட்டுறதா சொல்லியிருந்தேன். அது என்கிட்ட இப்ப இல்ல. என்னோட கவனக்குறைவால எல்லாம் அழிஞ்சு போச்சு. எல்லாரும் என்னை மன்னிக்கணும்."

என்னோட என்றாள். என் காதில் விழுந்தது அதுதான், தப்பில்லை.

ஒரு அம்மா அழுதுவிட்டாள். "டீச்சர், எங்க மகிழ் முதல்முதலா அம்மான்னு படிச்சது உங்ககிட்ட மட்டும்தான் இருந்துச்சு." கண்ணாடி போட்ட ஒருத்தன் குறுக்கே வந்தான். "ஒரு பேக்கப்கூட எடுத்து வைக்க மாட்டீங்களா? இவ்வளவு அலட்சியமா? நாங்க உங்கள நம்பித்தானே விட்டோம்?" என்றான்.

"தப்புதான் சார்" என்றாள் உலகம்மாள். தலையைக் குனிந்து, கையைக் கூப்பி. "தப்பு என்னோடதுதான்."

யார்டா நீ? என் பொண்டாட்டியை நிற்கவைத்துக் கேள்வி கேட்க நீ யார்டா? நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினேன். அவள் ஒன்றும் செய்யவில்லை என்று கத்தினேன். என்ன நடந்தது என்று தெரியுமாடா உனக்கு என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. மைக் அணைந்திருந்தது. அதை எங்கே தட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேன். அதற்குள் ஒரு பிள்ளை ஆத்திசூடி சொல்ல ஆரம்பித்துவிட்டது, கண்ணாடிக்காரனும் கைதட்டினான்.

கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல். எல்லாப் பிள்ளைகளும் பேசின. நன்றாகத்தான் பேசின, ழகரம்கூட ஒழுங்காக வருகிறது.

எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. என் புருஷன் அழித்துவிட்டார் என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு என்ன? என் பெயர் அங்கேதானே இருந்தது, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி? யாரைக் கேட்டு அவள் அந்தப் பழியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்?